பெங்களூர் ஆர்டரில் மட்டும் முகவரி காணாமல் போகிறது: ஃபார்ம் விவரங்களிலிருந்து வாட்ஸ்அப் இணைப்பு

தேன்குழல் | வெள்ளி, இரவு 9:40

வணக்கம். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, பி.காம். ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா தேவகோட்டையில் வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கிறார். தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம், சொல்லி வைத்தால் அதிரசம். ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பில்தான் வரும். "அக்கா, போன தடவை மாதிரியே ஒரு கிலோ" என்று ஒருவர் எழுதுவார். போன தடவை என்ன வாங்கினார், எந்த ஊர் என்று அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்.

அதனால் ஒரே ஒரு பக்கத்தில் ஃபார்ம் ஒன்று செய்து கொடுத்தேன். பெயர், பலகாரம், எடை, முகவரி, போன், குறிப்பு. இந்த வரிசைதான். கீழே "ஆர்டர் அனுப்பு" பொத்தான். அதை அழுத்தினால் அம்மாவின் எண்ணுக்கு வாட்ஸ்அப் திறக்கும், ஃபார்மில் எழுதியது எல்லாம் செய்தியாக அதில் தயாராக நிற்கும். வாட்ஸ்அப்பின் கிளிக் டு சாட் இணைப்புதான்: எண்ணைப் போட்டு, கேள்விக்குறி போட்டு, "டெக்ஸ்ட்" என்ற பெயரில் செய்தியைக் கொடுத்தால் போதும். எண்ணில் முதலில் கூட்டல் குறி, 0 எல்லாம் போட்டுத் தடுமாறினேன். அப்புறம் 91 போட்டு இடைவெளியில்லாமல் 10 இலக்கத்தையும் எழுதியதும் சரியாகிவிட்டது.

இணைப்பு செய்யும் வரி இப்படி இருக்கிறது. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

இணைப்பு = அடிப்படை + "?டெக்ஸ்ட்=" + "பெயர்: " + பெயர் + " பலகாரம்: " + பலகாரம் + " எடை: " + எடை + " முகவரி: " + முகவரி + " போன்: " + போன் + " குறிப்பு: " + குறிப்பு

சென்னை, மதுரை, திருச்சி ஆர்டர் எல்லாம் ஒழுங்காக வருகிறது. பெங்களூர் ஆர்டரில்தான் பிரச்சினை. இரண்டு வாரத்தில் மூன்று பேர். மூன்றிலும் "முகவரி:" என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு போனும் இல்லை, குறிப்பும் இல்லை. முகவரிக் கட்டத்தை நிரப்பாமல் அனுப்பவே முடியாதபடி கட்டாயம் என்று போட்டிருக்கிறேன். போன் செய்து கேட்டால் "எழுதினேனே மேடம்" என்கிறார்கள். கன்னடக் கீபோர்டால் வரும் வம்போ என்று நினைத்தேன். ஆனால் அவர்களில் ஒருவர் காரைக்குடிக்காரர், தமிழில்தான் எழுதியிருக்கிறார்.

இன்னும் இரண்டு கோளாறு இருக்கிறது. முகவரியை மூன்று வரியாக எழுதினால் செய்தியில் ஒட்டிக்கொண்டு வருகிறது, "காந்தி தெருமேலூர்" என்கிற மாதிரி. அப்புறம் ஒருவர் குறிப்பில் "சீடை & மணகோலம் தனித்தனி டப்பாவில்" என்று எழுதியிருக்கிறார். எங்களுக்கு வந்தது "சீடை" மட்டும். அம்மா சீடையை மட்டும் தனி டப்பாவில் போட்டு அனுப்பி, மணகோலம் தூளாகிப் போய், ஒரு வாரம் எனக்குத்தான் திட்டு.

---

சும்மா_பார்க்கிறேன் | வெள்ளி, இரவு 10:05

என்கோட்யூஆர்ஐ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, இணைப்புக்கு ஒத்துவராத எழுத்துகளை மாற்றிக் கொடுக்கும். முழு இணைப்பையும் அதற்குள் போட்டு எடுங்கள். சரியாகவில்லை என்றால் எஸ்கேப் போட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டுமே வேலை செய்திருக்கிறது.

---

தேன்குழல் | வெள்ளி, இரவு 10:50

நன்றி. என்கோட்யூஆர்ஐ போட்டேன். வரி ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை உடனே தீர்ந்தது. சந்தோஷப்பட்டு, பெங்களூரில் இருக்கும் என் தோழியைப் பழைய மாதிரியே ஆர்டர் போடச் சொன்னேன். முகவரி மறுபடியும் காலி. நானே அவளுடைய முகவரியைத் தமிழில் தட்டிப் பார்த்தேன், எனக்கு வருகிறது! இரண்டு பேரும் ஒரே பக்கம், ஒரே வகை போன்.

எஸ்கேப் போட்டு பிரௌசரின் கன்சோலில் (கோடு என்ன தருகிறது என்று பார்க்கும் இடம்) பார்த்தேன். சதவீதக் குறி, யூ, பூஜ்யம் என்று என்னென்னவோ வந்தது. பயந்து எடுத்துவிட்டேன்.

---

பழைய_கீபோர்ட் | சனி, காலை 6:15

தங்கச்சி, உங்கள் தோழி முகவரியின் முதல் எழுத்தாக என்ன அடித்தார் என்று கேளுங்கள். நான் 11 வருஷம் பெங்களூரில் குப்பை கொட்டியவன், அதனால் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். "#14/2, 3வது கிராஸ்" என்று அடித்திருப்பார். அந்த ஊரில் வீட்டு எண்ணுக்கு முன்னால் # போடுவது ஊறிப்போன பழக்கம். கேட்டில் அப்படித்தான் பெயின்ட் அடித்திருக்கும், விசிட்டிங் கார்டில் அப்படித்தான் இருக்கும். காரைக்குடியிலிருந்து போனவரும் ஆறு மாதத்தில் அப்படி எழுத ஆரம்பித்துவிடுவார். சென்னைக்காரர் "பழைய எண் 14, புதிய எண் 27" என்று எழுதுவார், அதில் வம்பு இல்லை. நீங்கள் தட்டிப் பார்த்தபோது நம்மூர்ப் பழக்கத்தில் அந்தக் குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அடித்திருப்பீர்கள்.

இணைய முகவரியில் சில குறிகளுக்குத் தனி வேலை உண்டு. கேள்விக்குறி வந்தால் "இனி விவரங்கள்" என்று பொருள். & வந்தால் "ஒரு விவரம் முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது". # வந்தால் "இதற்குப் பிறகு இருப்பது பக்கத்துக்குள் ஓர் இடத்தின் பெயர்". இந்தக் கடைசி ஆள்தான் உங்கள் திருடன். #க்குப் பின்னால் இருப்பதை பிரௌசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை, தன்னிடமே வைத்துக்கொள்ளும். உங்கள் வாடிக்கையாளர் முகவரியை ஒழுங்காகத்தான் எழுதினார், அது அவர் போனை விட்டுக் கிளம்பவே இல்லை. அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற போன் நம்பரும் குறிப்பும் அதோடு சேர்ந்து தங்கிவிட்டன.

சீடைக்கு நடந்தது & செய்த வேலை. செய்தி "சீடை"யோடு முடிந்தது, "மணகோலம் தனித்தனி டப்பாவில்" என்பது வேறொரு விவரத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்படி ஒரு விவரத்தை யாரும் கேட்கவில்லை, அதனால் தூக்கிப் போட்டாயிற்று.

இத்தனை நாள் இது வெளியே தெரியாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. நீங்கள் இணைப்பில் தமிழையும் இடைவெளியையும் அப்படியே போட்டாலும், பிரௌசர் அவற்றைத் தானே மாற்றி அனுப்பிவிடும். உதவி செய்கிறேன் என்று பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் # எதற்காக வந்தது, உங்கள் அர்த்தத்திலா அதன் அர்த்தத்திலா என்று அதற்கு எப்படித் தெரியும்? புதுவரியைப் பொறுத்தவரை இன்னும் மோசம். இணைப்புக்குள் புதுவரியோ டேபோ இருந்தால் பிரௌசர் அவற்றை எடுத்தே விடும். விதியே அப்படித்தான். அதுதான் உங்கள் "காந்தி தெருமேலூர்".

நேற்று ஒரு நண்பர் சொன்ன என்கோட்யூஆர்ஐ ஏன் பாதி மட்டும் தீர்த்தது? அது முழு இணைப்பையும் கையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்வதற்கானது. முழு இணைப்பில் கேள்விக்குறியும் &யும் #உம் வேண்டுமென்றே இருக்கலாம் அல்லவா? அதனால் அவற்றைத் தொடாது. உங்களுக்கு வேண்டியது என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட். அதை இணைப்புக்குள் போகப்போகும் துண்டுக்கு மட்டும் போட வேண்டும். அது & என்பதை %26 ஆகவும், # என்பதை %23 ஆகவும், இடைவெளியை %20 ஆகவும் மாற்றிவிடும். அம்மாவிடம் சொல்கிற மாதிரி சொன்னால், எல்லாப் பலகாரத்தையும் கூடையில் கொட்டி மேலே துணி போடுவது முதலாவது. ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டிய பிறகு கூடையில் அடுக்குவது இரண்டாவது.

ஆக இரண்டு படி. முதலில் செய்தியை எந்தக் கவலையும் இல்லாமல், மனிதர் படிக்கிற மாதிரி, வரிக்கு வரி புதுவரி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேக்டிக் குறிக்குள் (`) எழுதினால் கூட்டல் குறிகளின் தோரணமே வேண்டாம். பிறகு ஒரே ஒரு முறை:

இணைப்பு = அடிப்படை + "?டெக்ஸ்ட்=" + என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட்(செய்தி)

அவ்வளவுதான். இது புதுச் சரக்கும் இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் விதிப்புத்தகமான எக்மாஸ்கிரிப்டின் மூன்றாம் பதிப்பு 1999 டிசம்பரில் வந்தது, அதிலிருந்தே இருக்கிறது. எஸ்கேப் அதற்கும் முந்தையது, தமிழுக்கு ஆகவே ஆகாது. "அ" என்று கொடுத்தால் சதவீதம், யூ, 0பி85 என்று அந்த எழுத்தின் யூனிகோட் எண்ணை (எழுத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எண்) அப்படியே கக்கும். இணைய முகவரியின் விதிப்படி சதவீதக் குறிக்குப் பின்னால் வர வேண்டியது ஒரு பைட்டுக்கான இரண்டு இலக்கம்தான். நீங்கள் பயந்தது சரியான பயம்.

எனக்கு இது தெரிந்த கதை வேறு. 2008 வாக்கில் வியாபாரிகள் பட்டியல் ஒன்றை இணையத்தில் போடும் வேலை கிடைத்தது. கடைப் பெயரை அழுத்தினால் அந்தப் பெயரை இணைப்பில் வைத்து அடுத்த பக்கத்துக்கு அனுப்புவேன். சோதித்ததெல்லாம் நன்றாக வந்தது. நம்மூரில் பாதிக் கடை "& சன்ஸ்", மீதி "& பிரதர்ஸ்" என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை. வெளியிட்ட மறுநாள் ஒரு பெரியவர் போன் செய்தார். "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல என் பேர் மட்டும்தான் வருது. பசங்க எல்லாம் எங்க போனாங்க?" என்றார். இரண்டு மகன்களும் கடையில் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்களாம்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்ததற்குச் சிரிக்க ஒன்றும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் அதை முறைப்படியே ஏற்றுக்கொள்கிறது. சேர்ந்து வேலை செய்ய ஆள் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

---

தேன்குழல் | சனி, காலை 8:30

அண்ணா, தோழியிடம் கேட்டேன். "#" தான்! நான் அவள் முகவரியைத் தட்டியபோது அதை விட்டுவிட்டேன். அவள் அதை "ஹேஷ் பதினாலு" என்று வாயாலேயே சொல்கிறாள், அதுவும் என் காதில் விழவில்லை.

மாற்றிவிட்டேன், வேலை செய்கிறது. மூன்று வரி முகவரி மூன்று வரியாகவே வருகிறது. ஆனால் கன்சோலில் இணைப்பைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. "தேன்குழல்" என்ற ஒரு வார்த்தைக்கு ஒரு வரி முழுக்கச் சதவீதக் குறி. இவ்வளவு நீளம் போனால் எங்காவது அறுந்துவிடாதா?

---

பழைய_கீபோர்ட் | சனி, காலை 9:10

எண்ணிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். தே, ன், கு, ழ, ல் என்று நமக்கு 5 எழுத்து. கம்ப்யூட்டருக்குக் கொம்பும் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனி, ஆக 9. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27. ஒவ்வொரு பைட்டும் இணைப்பில் ஒரு சதவீதக் குறி, இரண்டு இலக்கம். 81 எழுத்து! ஆங்கிலத்தில் 5 எழுத்து வார்த்தை 5 எழுத்தாகவே போய்ச் சேரும். நம்முடையது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகிறது.

பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இணைப்பின் மொத்த நீளமே 2083 எழுத்துதான். அப்போது நான்கு வரி தமிழ் முகவரி எழுதினால் நிஜமாகவே அறுந்துவிடலாம். இன்றைய பிரௌசர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு தாங்கும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் ஒரு கோரிக்கை வரிக்கு வழக்கமான வரம்பு 8190 பைட். ஒரு பலகார ஆர்டருக்கு அது தாராளம். குறிப்புக் கட்டத்தில் மட்டும் 200 எழுத்து என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதில் தன் மாமியார் கதையை எழுதுவார்.

---

ஈரோடு_டெஸ்டர் | சனி, காலை 11:20

வரம்பு வைப்பது பற்றி ஒரு வார்த்தை. அந்த 200ஐ நீங்களே ஸ்லைஸ் போட்டு வெட்டினால் இரண்டு இடத்தில் கடிக்கும். ஒன்று, தமிழில் புள்ளி தனி எழுத்தாக எண்ணப்படுவதால் "தேன்குழல்" என்பது "தேன்குழல" என்று மொட்டையாக நிற்கலாம். அது அழகுக் குறைவு, அவ்வளவுதான். இன்னொன்று ஆபத்தானது. பெரும்பாலான இமோஜி ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டு துண்டு, சிலது அதற்கும் மேல். வெட்டு நடுவில் விழுந்து பாதி இமோஜி மிஞ்சினால் என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட் யூஆர்ஐஎரர் என்று பிழை வீசிவிட்டு நின்றுவிடும். பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்காது, வாடிக்கையாளர் போனை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார். கட்டத்திலேயே மேக்ஸ்லெங்த் (இத்தனை எழுத்துக்கு மேல் ஏற்காதே என்பது) கொடுத்துவிடுங்கள், வெட்டும் வேலையே வேண்டாம்.

நான் சோதனை செய்பவன், கோடு எழுதுபவன் இல்லை. யார் ஃபார்ம் கொண்டுவந்தாலும் எல்லாக் கட்டத்திலும் முதலில் தட்டுவது இதுதான்:

#14/2, பேக்கரி & ஸ்வீட்ஸ் மாடி, 50% + 50% = சரியா?

பழைய_கீபோர்ட் சொன்ன குறிகள் எல்லாம் இதில் இருக்கின்றன, கூடவே கூட்டலும் சதவீதமும். இது எழுத்து பிசகாமல் மறுபக்கம் வந்தால் அன்றைக்கு டீ என் செலவு. தேன்குழல், உங்கள் குறிப்புக் கட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பொத்தானில் ஆன்கிளிக் (அழுத்தினால் ஓடும் கோடு) போட்டிருக்கிறீர்களா, இல்லை ஃபார்ம் அனுப்பப்படும் தருணமான சப்மிட் நிகழ்வைப் பிடித்திருக்கிறீர்களா? ஃபார்முக்குள் இருக்கும் பொத்தானுக்கு வகை சொல்லாவிட்டால் அது சப்மிட் பொத்தான்தான். சிலர் பக்கம் தானாக ரீலோட் ஆகிறதே என்று பொத்தானின் வகையை மாற்றி ஆன்கிளிக்கில் எழுதிவிடுவார்கள். அப்போது கட்டாயக் கட்டம் காலியாக இருந்தாலும் போய்விடும், என்டர் அடித்தால் வேலை செய்யாது. சப்மிட்டைப் பிடித்து, முதல் வரியில் பிரிவென்ட்டிஃபால்ட் (பிரௌசர் தன் வழக்கப்படி அனுப்புவதைத் தடுப்பது) போட்டு, அதற்குக் கீழே இணைப்பைக் கட்டுங்கள்.

---

தேன்குழல் | சனி, மாலை 4:45

சப்மிட்டில்தான் வைத்திருக்கிறேன். அந்த வீடியோ அக்கா அதை மட்டும் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

சோதனை வரி தப்பாமல் வந்தது. டீ உங்கள் செலவு.

இன்றைக்கே ஆசை கூடிவிட்டது. பலகாரத்தை ஒரே கட்டத்தில் எழுதச் சொல்வதற்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் டிக் பெட்டி வைத்தேன். எல்லாப் பெட்டிக்கும் "பலகாரம்" என்று ஒரே பெயர். ஃபார்ம்டேட்டா வைத்து எல்லா விவரத்தையும் ஒரே வீச்சில் எடுத்து, ஆப்ஜெக்ட்.ஃப்ரம்என்ட்ரீஸ் போட்டு ஓர் ஆப்ஜெக்டாக (பெயரும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் தொகுப்பு) ஆக்கினேன். மூன்று பெட்டியில் டிக் போட்டால் கடைசியாக டிக் போட்ட ஒன்று மட்டும்தான் வருகிறது. முகவரியோ வரவே இல்லை, "அன்டிஃபைன்ட்", அதாவது மதிப்பே இல்லை என்கிறது. மறுபடியும் பெங்களூரா என்று அம்மா கேட்கிறார்.

---

ஈரோடு_டெஸ்டர் | சனி, மாலை 5:05

முகவரிக் கட்டத்துக்கு ஐடி மட்டும் இருக்கும், நேம் இருக்காது. ஃபார்ம்டேட்டா நேம் இல்லாத கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

---

தேன்குழல் | சனி, மாலை 5:12

ஆமாம்! பழைய கோடில் ஐடியை வைத்து எடுத்தேன். நேம் போட்டதும் வந்துவிட்டது.

---

பழைய_கீபோர்ட் | சனி, மாலை 6:00

டிக் பெட்டி கதையும் சின்னதுதான். ஒரே பெயரில் மூன்று விவரம் வந்தால், ஃப்ரம்என்ட்ரீஸ் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, கடைசியில் எழுதியதை மட்டும் வைத்திருக்கும். "கடைசியாக டிக் போட்டது" என்று நீங்கள் நினைப்பது தற்செயல். பக்கத்தில் கீழே இருப்பதுதான் மிஞ்சும், மேலே உள்ளதைக் கடைசியாக டிக் செய்து பாருங்கள். ஃபார்ம்டேட்டாவிடம் கெட்ஆல் போட்டு "பலகாரம்" கேட்டால் மூன்றும் பட்டியலாக வரும். அதைக் காற்புள்ளியும் இடைவெளியும் வைத்து ஜாயின் செய்து செய்தியில் வைத்துவிடுங்கள். டிக் போடாத பெட்டி பட்டியலிலேயே இருக்காது. எதிலும் டிக் இல்லையென்றால் வெற்றுப் பட்டியல், அதை மட்டும் நீங்களே பார்த்து நிறுத்துங்கள். டிக் பெட்டியில் கட்டாயம் என்று போட்டால் அந்த ஒரு பெட்டிக்குத்தான் அது பொருந்தும், "ஏதாவது ஒன்று" என்பதற்கு ஆகாது.

---

கோடு_கோபுரம் | சனி, இரவு 9:30

தாமதமாக வந்தேன். இத்தனை பேர் இன்னும் கையால் கேள்விக்குறி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. யூஆர்எல் என்ற ஆப்ஜெக்ட் இருக்கிறது, அதற்குள் சர்ச்பாராம்ஸ் இருக்கிறது. அடிப்படை இணைப்பைக் கொடுத்து ஒரு யூஆர்எல் உருவாக்கி, சர்ச்பாராம்ஸில் செட் போட்டு விவரத்தின் பெயரையும் மதிப்பையும் கொடுத்தால், கேள்விக்குறி, &, என்கோட் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். கடைசியில் ஹெச்ரெஃப் கேட்டால் முழு இணைப்பு. இரண்டு மூன்று விவரங்கள் இருக்கும் இணைப்புக்கு இதுதான் சுத்தம்.

ஒன்றே ஒன்று, அதற்குள் கொடுப்பதற்கு முன் நீங்கள் தனியாக என்கோட் செய்யாதீர்கள். இடைவெளி முதலில் %20 ஆகும், பிறகு அந்தச் சதவீதக் குறியே மறுபடி என்கோட் ஆகி %2520 ஆகும். வாடிக்கையாளர் செய்தி முழுக்க %20 தோரணம் தொங்கும்.

---

தேன்குழல் | ஞாயிறு, பகல் 1:20

கோடு_கோபுரம் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். சிங்கப்பூரில் சித்தப்பா இருக்கிறார், ஆபீஸ் நண்பர்களுக்கும் சேர்த்து அவர்தான் மொத்தமாக வாங்குவார். வாட்ஸ்அப்பில் மற்ற பேச்சோடு கலந்துவிடுகிறது, மெயில் அனுப்புகிற மாதிரி ஒரு பொத்தான் வை என்றார். மெயில்டு இணைப்பில் (அழுத்தினால் மெயில் செயலி திறக்கும்) தலைப்பு, உள்ளடக்கம் என்று இரண்டு விவரம் இருப்பதால் யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் வைத்தே கட்டினேன். கோடு பார்க்க அழகாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் மெயிலின் தலைப்பு இப்படித் திறக்கிறது:

தேன்குழல்+2+கிலோ+சிங்கப்பூர்

உள்ளே கடிதம் முழுக்கக் கூட்டல் குறி. சித்தப்பா "என்னம்மா, பலகாரம் கேட்டால் கணக்குப் பாடம் அனுப்புகிறாய்" என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

---

பழைய_கீபோர்ட் | ஞாயிறு, பகல் 2:40

கோபுரத்தைத் திட்டாதீர்கள், அவர் சொன்னது அந்த இடத்துக்குச் சரி. இது ஒரு பழைய குடும்பச் சண்டை. ஹெச்டிஎம்எல் ஃபார்ம்கள் தங்கள் விவரத்தை அனுப்பும்போது இடைவெளிக்குக் கூட்டல் குறி போடுவது ஆதி காலத்து வழக்கம். சர்ச்பாராம்ஸ் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. இணைய முகவரியின் பொது விதியைச் சொல்வது ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணம். டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் எழுதி 2005 ஜனவரியில் வந்தது. அதன்படி இடைவெளிக்கு %20 தான், கூட்டல் என்றால் கூட்டல். ஃபார்ம் விவரங்களை வாங்கிப் பழகிய சர்வருக்கு இரண்டும் புரியும். மெயில்டு இணைப்பு சர்வருக்குப் போவதில்லை, நேரே மெயில் செயலிக்குப் போகிறது. அங்கே கூட்டல் குறி கூட்டல் குறியாகவே நிற்கும், நிற்க வேண்டும் என்றுதான் மெயில்டு விதியும் சொல்கிறது.

வழி இரண்டு. தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியாக என்கோட்யூஆர்ஐகாம்பொனென்டில் போட்டு, நடுவில் &ஐ நீங்களே வைப்பது ஒன்று. எனக்கு அதுதான் பிடிக்கும், மூன்று வரிதானே. இல்லை, கட்டிய அழகைக் கலைக்க மனம் வரவில்லை என்றால், சர்ச்பாராம்ஸிலிருந்து எழுத்துச் சரமாக எடுத்த பிறகு, கூட்டல் எல்லாவற்றையும் %20 ஆக மாற்றுங்கள். யாராவது நிஜமாகவே கூட்டல் அடித்திருந்தால் அது கெடாது, ஏனென்றால் அது அதற்கு முன்பே சதவீதம் 2பி ஆகியிருக்கும். மாற்றுவதற்கு ரீப்ளேஸ் போடாமல் ரீப்ளேஸ்ஆல் போடுங்கள், ரீப்ளேஸ் முதல் கூட்டலோடு நின்றுவிடும்.

மெயிலில் புதுவரிக்கு இரட்டைக் குறி எதிர்பார்க்கிறார்கள்: சதவீதம் 0டி, சதவீதம் 0ஏ. வெறும் 0ஏ போதும் என்று ஏற்கிற செயலிகள் உண்டு. சித்தப்பாவின் ஆபீஸ் மெயில் என்ன ரகமோ, இரண்டையும் போட்டுவிடுங்கள்.

---

கோடு_கோபுரம் | ஞாயிறு, பகல் 3:00

மெயில்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

---

ஈரோடு_டெஸ்டர் | ஞாயிறு, பகல் 3:25

தேன்குழல், நாளைக்கே உங்கள் சொந்தச் சர்வருக்கு இதே மாதிரி இணைப்பில் விவரம் அனுப்பும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். இணைப்பில் போவது எல்லாம் பிரௌசர் ஹிஸ்டரியில் இருக்கும், சர்வர் லாக்கில் இருக்கும். எந்தத் தேதிக்கு யார் வீட்டுக்கு எத்தனை கிலோ என்பது அங்கே வரிசையாகக் கிடக்க வேண்டாம். அப்போது விவரம் இணைப்பில் தெரியாமல் போகும் போஸ்ட் முறைக்கு மாறிவிடுங்கள். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வருவதற்கு இது போதும்.

---

தேன்குழல் | ஞாயிறு, இரவு 8:15

முதல் வழியில் மாற்றினேன். சித்தப்பா "தேன்குழல் 2 கிலோ" என்று தெளிவாக வந்ததாகச் சொல்லிவிட்டு, அதை 4 ஆக்கச் சொன்னார்.

அந்த மூன்று பெங்களூர் ஆர்டர்களுக்கும் போன் போட்டு முகவரியை வாயால் வாங்கிக்கொண்டோம். அம்மா நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர், மூன்றாவது ஆள் "ஹேஷ்" என்று தொடங்கியதும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதை எப்படி எழுதுவது என்று கேட்டார். குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு என்றேன். "கோலத்துக்குக் கட்டம் போடுற மாதிரியா" என்று எழுதிக்கொண்டார்.